பதினெட்டும் இருபத்தேழும்: கருங்கால் ஃபெரட், கலிஃபோர்னியா காண்டார் – ஒரு நிகழ்வு ஆய்வு

1987-ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களுக்குள் அமெரிக்காவின் திறந்தவெளியிலிருந்து இரண்டு உயிரினங்கள் ஒன்று விடாமல் துடைத்தெடுக்கப்பட்டன. துடைத்தெடுத்தவர்கள் அவற்றைக் காப்பாற்ற வந்தவர்களேதான். வயோமிங் மாநிலத்தில் மீட்டீட்ஸி என்ற சிற்றூரை ஒட்டிய புல்வெளியில், கீரி போன்ற சிறு விலங்கான கருங்கால் ஃபெரட்டில் கடைசியாக மிஞ்சியது ஆண்டுத் தொடக்கத்தில் பிடிபட்டது. ஏப்ரல் 19, ஈஸ்டர் ஞாயிறு அன்று, கலிஃபோர்னியாவில் ஏசி-9 என்று பெயரிடப்பட்டிருந்த கடைசிக் காண்டார் வலையில் விழுந்தது. அன்றைய கணக்குப்படி ஃபெரட் 18, காண்டார் 27. உலகம் முழுக்கத் தேடினாலும் அவ்வளவுதான், அத்தனையும் கூண்டுக்குள்.

ஒரு பாலூட்டியையும் ஒரு பறவையையும் ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது கஷ்டம். இரண்டுமே 1967-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட முதல் அழிநிலைப் பட்டியலில் இருந்தவை. ஒரே நாடு, பின்னால் வந்த ஒரே அழிநிலை உயிரினச் சட்டம், ஒரே ஆண்டில் எடுத்த ஒரே முடிவு: எல்லாவற்றையும் பிடி, கூண்டில் பெருக்கு, திரும்ப விடு. இன்று காண்டார் 560 சொச்சம் இருக்கிறது, அதில் 340-க்கு மேல் வெளியே பறக்கின்றன. ஃபெரட் காப்பகங்களில் ஆயிரக்கணக்கில் பிறந்தது, ஆயிரக்கணக்கில் வெளியே விடப்பட்டது. அப்படியும் வெளியே இருப்பவை சுமார் 300 என்பதுதான் பல ஆண்டுகளாக அடிபடும் எண்.

வருஷா வருஷம் குட்டி போடும் பிராணி பின்தங்கி நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முட்டை இடும் பறவை முன்னே போயிருக்கிறது. கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். கூண்டுக்குள் மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது.

இரண்டு உடல்கள்

கருங்கால் ஃபெரட்டுக்குக் கீரியைப் போல நீண்டு ஒடுங்கிய உடம்பு. எடை ஒரு கிலோவை ஒட்டி. கண்களைச் சுற்றி முகமூடி கட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை, கறுத்த கால்கள், கறுத்த வால் நுனி. பகலெல்லாம் வளைக்குள் கிடந்துவிட்டு இரவில் வெளியே வரும். அதன் சாப்பாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரே பிராணிதான்: அணில் குடும்பத்தைச் சேர்ந்த, புல்வெளியில் கூட்டம் கூட்டமாக வளை தோண்டி வாழும் பிரெய்ரி நாய். குடியிருப்பும் அதனுடையதுதான். வளையைத் தோண்டுவது பிரெய்ரி நாய்; அதைத் தின்றுவிட்டு அதே வளையில் படுத்துக்கொள்வது ஃபெரட். ஒரு ஃபெரட்டுக்கு ஆண்டுக்கு நூறு பிரெய்ரி நாய்களாவது வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். பிறந்த மறுவருஷமே அது குட்டி போடத் தயார். ஆறு வாரச் சினை, ஓர் ஈற்றுக்கு மூன்று நான்கு குட்டிகள். வெளியில் மூன்று நான்கு வருஷம் தாக்குப்பிடித்தாலே அதிகம்.

காண்டார் பிணந்தின்னிப் பறவை. சிறகை விரித்தால் 2.9 மீட்டர், வட அமெரிக்காவில் அதைவிட அகலமான சிறகு வேறெந்த நிலப் பறவைக்கும் இல்லை. இரை தேடி ஒரே நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல்கூடப் பறந்துவிடும். செத்த மான், செத்த மாடு, கடற்கரையில் ஒதுங்கிய கடற்சிங்கம், எதுவானாலும் சரி. முதல் முட்டைக்கு ஆறு முதல் எட்டு வயதாக வேண்டும். ஒரு முறைக்கு ஒரே முட்டை. ஏறத்தாழ 57 நாள் அடைகாப்பு. குஞ்சு பறக்கத் தொடங்க ஆறு மாதம். அதற்கப்புறமும் மாதக்கணக்கில் அப்பா அம்மாவின் பின்னாலேயே திரியும். ஆயுள் மட்டும் நீளம், ஐம்பது அறுபது ஆண்டுகள்கூட வாழலாம்.

இதிலிருந்தே இரண்டுக்கும் வேறு வேறு கணக்கு பிறக்கிறது. ஃபெரட் கூட்டத்தில் ஒரு வருஷம் பாதி செத்தாலும், இரை நிறைய இருந்தால் அடுத்த இரண்டு ஈற்றில் ஈடுகட்டிவிடும். வளர்ந்த காண்டார் ஒன்று செத்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வர எட்டு ஆண்டு ஆகும். ஆகவே காண்டாரைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது, வருஷத்துக்கு எத்தனை பெரிய பறவைகள் சாகின்றன என்று. ஃபெரட்டுக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. எத்தனை ஏக்கரில் பிரெய்ரி நாய் உயிரோடு இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

கூண்டுக்கு வந்த வழி

ஃபெரட்டுக்கு இது இரண்டாவது முயற்சி. முதலாவது படுதோல்வி. 1964-இல் தெற்கு டகோட்டாவின் மெல்லெட் மாவட்டத்தில் ஒரு சிறு கூட்டம் கண்ணில் பட்டது. 1971 முதல் 1973 வரை ஒன்பது ஃபெரட்களைப் பிடித்து மேரிலாண்டின் பட்டக்ஸென்ட் ஆராய்ச்சி மையத்துக்குக் கொண்டுபோனார்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஃபெரட்டைக் கொன்றே தீரும் என்று தெரியும். அதனால் முன்கூட்டியே தடுப்பூசி போட்டார்கள். வீட்டில் வளர்க்கும் ஃபெரட் இனத்துக்கு ஒன்றும் செய்யாத அதே ஊசி, முதலில் போட்ட ஆறில் நான்கைக் கொன்றது. மிச்சமிருந்தவை ஈன்ற குட்டிகளும் தங்கவில்லை. 1979-இல் கடைசி ஃபெரட்டும் கூண்டில் செத்தது. காட்டில் இருந்த கூட்டம் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது. இனமே அழிந்துவிட்டது என்று பலரும் கைகழுவினார்கள்.

1981 செப்டம்பரில் மீட்டீட்ஸி அருகே ஷெப் என்ற பண்ணை நாய் செத்த விலங்கு ஒன்றை வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டது. இது என்ன பிராணி என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. பாடம் செய்து வைக்கலாமே என்று எடுத்துப்போன இடத்தில்தான் அது கருங்கால் ஃபெரட் என்று தெரிந்தது. அரசு, பல்கலைக்கழகம், ஆய்வுக்குழு என்று யார் தேடியும் கிடைக்காததை ஒரு நாய் கண்டுபிடித்துக் கொடுத்தது. தேடிப் போனவர்கள் 1984-இல் 129 ஃபெரட்களை எண்ணினார்கள். மறுவருஷம் அங்கிருந்த பிரெய்ரி நாய்களிடம் பிளேக் நோய் தெரியவந்தது. ஆகஸ்டில் எண்ணியபோது 58. எங்கே வைத்து வளர்ப்பது, யார் பொறுப்பு என்று மாநிலத்துக்கும் மத்திய அமைப்புகளுக்கும் இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதே எண்ணிக்கை சரிந்தது. அவசரமாகப் பிடித்த முதல் ஆறும் டிஸ்டெம்பரால் செத்தன. இரண்டு பிடிபடும்போதே நோயோடு வந்து மற்றவற்றுக்குப் பரப்பியிருந்தன. அதற்குப் பிறகு பிடித்துச் சேர்த்ததுதான் அந்தப் பதினெட்டு.

காண்டார் விஷயத்தில் இழுபறி வேறு விதம். பிடிக்கலாமா கூடாதா என்பதே சண்டை. 1980-இல் கூட்டில் இருந்த ஒரு குஞ்சை அளவெடுக்கப் போனபோது அது பயத்திலேயே கைகளில் செத்துப்போனது. அனுமதிகள் நிறுத்தப்பட்டன. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த் அமைப்பும் அதன் நிறுவனர் டேவிட் பிரவரும், கூண்டில் பிறந்த காண்டார் காண்டாரே அல்ல, வாழிடத்தைக் காப்பாற்றுங்கள், அது முடியாவிட்டால் கௌரவமாகச் சாகவிடுங்கள் என்று வாதிட்டார்கள். அந்த வாதத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. பறவையைக் கூண்டில் போட்டுவிட்டால் அதன் நிலத்தைக் காப்பாற்ற எவனுக்கும் அக்கறை இருக்காது என்ற பயம் நியாயமானது. ஆனால் 1984–85 குளிர்காலத்தில் வெளியே இருந்த பதினைந்தில் ஆறு காணாமல் போயின. முட்டையிடும் ஜோடிகள் ஐந்திலிருந்து ஒன்றாயிற்று. அதற்குப் பிறகும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபன் சங்கம் பிடிப்பதை எதிர்த்து வழக்குப் போட்டது; 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிடிப்பதற்கு வழிவிட்டது.

கூண்டுக்குள் நடந்தது

இந்தப் பகுதியில் இரண்டு திட்டமுமே நல்ல மதிப்பெண் வாங்கும். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன்.

காண்டாருக்கு வழிகாட்டியது ஒரு குடும்பச் சண்டை. 1982-இல் கண்காணிப்பில் இருந்த ஒரு ஜோடி, யார் அடைகாப்பது என்று தள்ளுமுள்ளுப் போட்டதில் முட்டை குகை விளிம்பிலிருந்து உருண்டு விழுந்து உடைந்தது. ஐயோ, இந்த வருஷம் போச்சு என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நினைத்தார்கள். சில வாரங்களில் அதே ஜோடி இன்னொரு முட்டை இட்டது! முதல் முட்டையை எடுத்துவிட்டால் இரண்டாவது வரும் என்பது உறுதியானது. முதலாவதை இன்குபேட்டரில் பொரிக்கவைத்து, இரண்டாவதைப் பெற்றோரிடமே விட்டு, இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்ற இயற்கையின் வேகத்தைக் கூண்டில் பல மடங்கு ஆக்கினார்கள். குஞ்சுக்கு மனித முகம் பழகக்கூடாது என்று காண்டார் தலை போலச் செய்த கையுறைப் பொம்மையால் ஊட்டினார்கள். 1988-இல் மொலோகோ பிறந்தது. கூண்டிலேயே கருவாகிப் பொரிந்த முதல் குஞ்சு அது.

ஃபெரட் 1987-லேயே கூண்டில் ஈன்றது. இரண்டு ஈற்றில் ஏழு குட்டிகள் தங்கின. ஆனால் பதினெட்டில் வம்சம் தொடர்ந்தது ஏழின் வழியாகத்தான். காண்டாருக்கு மூதாதைகள் பதினான்கு என்று கணக்கு. இந்த வித்தியாசம் இன்றும் கடிக்கிறது. காப்பக ஃபெரட்களில் ஆண்களின் விந்துத் தரமும் ஈற்று எண்ணிக்கையும் காலப்போக்கில் குறைந்தன. அதற்கு எடுத்த மருந்து பிரமிப்பானது. மீட்டீட்ஸியில் பிடிபட்டு வம்சம் இல்லாமல் போன வில்லா என்ற பெண் ஃபெரட்டின் செல்கள் 1988 முதல் சான் டியகோ மிருகக்காட்சிசாலையில் உறைநிலையில் இருந்தன. அவற்றிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் என்ற குளோன் பிறந்தது. அதற்குப் பின் வந்த குளோன்களில் அன்டோனியா 2024-இல் தானே குட்டி ஈன்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அறுந்த வம்சம் எட்டாவது மூதாதையாக மறுபடி கணக்கில் சேர்கிறது.

பறவைப் பக்கமும் ஓர் ஆச்சரியம் உண்டு. 2021-இல், சான் டியகோ ஆய்வாளர்கள் பழைய மரபணுப் பதிவுகளைச் சரிபார்த்தபோது, இரண்டு காண்டார் குஞ்சுகளுக்கு அப்பாவே இல்லை என்று தெரிந்தது. ஆண் பறவைகள் கூடவே இருந்தும் தாய்கள் தனியாகவே கருவுற்றிருந்தன. சுவாரசியமான செய்திதான், ஆனால் இனம் மீள்வதில் அதற்குப் பெரிய பங்கு இல்லை.

திரும்ப விடும் வேலையில் இரண்டு தரப்பும் ஒரே பாடத்தைப் படித்தன. கூண்டில் பிறந்ததற்கு வெளியே எதைக் கண்டு பயப்படுவது, எதைத் தின்பது என்று தெரியாது. ஃபெரட்களை 1991-இல் வயோமிங்கின் ஷர்லி பேசினில் விட்டபோது பெரும்பாலானவை கயோட்டிக்கும் மற்ற வேட்டை விலங்குகளுக்கும் இரையாயின. பிறகு நிஜமான வளைகளும் உயிருள்ள பிரெய்ரி நாய்களும் உள்ள அடைப்புகளில் சில வாரம் விட்டுப் பழக்கி அனுப்பியபோது பிழைப்பது கூடியது. 1992-இல் விட்ட காண்டார்களில் சில மின்கம்பியில் மோதிச் செத்தன. ஒன்று கார் எஞ்சினுக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸைக் குடித்துச் செத்தது. மற்றவை மனித நடமாட்டத்தை நாடிப் போயின. மீதியைத் திரும்பப் பிடித்தார்கள். அப்புறம்தான் அடைப்புக்குள் லேசாக ஷாக் அடிக்கும் போலி மின்கம்பம் வந்தது. தொட்ட பறவை மறுபடி கம்பத்தில் உட்காராது. வயதான காண்டார்களை வாத்தியாராகக் கூடவே விடும் வழக்கமும் பின்னர் சேர்ந்தது.

ஆக, பெருக்கத் தெரிந்துவிட்டது, பழக்கத் தெரிந்துவிட்டது. வெளியே போனவை பிறகு எதனால் சாகின்றன?

ஈயம்

மானைச் சுடும் வேட்டைக்காரர் அந்த இடத்திலேயே குடலை உருவிப் போட்டுவிட்டு உடலை எடுத்துப் போவார். ஈயக் குண்டு உடம்புக்குள் நுழையும்போது முழுசாக நிற்பதில்லை; பொடிப்பொடியாகச் சிதறுகிறது. அந்தக் குடல் குவியலை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் இருட்டில் நட்சத்திரம் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரியும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காண்டாரின் வயிற்று அமிலம் கடுமையானது. அழுகிய இறைச்சியின் கிருமிகளைக் கொல்லும் அதே அமிலம் ஈயத்தையும் கரைத்து ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. விஷம் முற்றினால் இரைப்பை இயங்காது. விழுங்கியது தொண்டைக்குக் கீழே பையிலேயே நிற்கும், கீழே இறங்காது. அந்தப் பை நிறைய உணவை வைத்துக்கொண்டே பறவை பட்டினியால் சாகும்.

இந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்பதில் பல காலம் தகராறு இருந்தது. பழைய பெயின்ட், சுரங்கம், குப்பை என்று ஆளுக்கொரு சந்தேகம். ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை வைத்துப் பார்த்தபோது, காண்டார் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் தோட்டாவின் ஈயத்தோடு ஒத்துப்போனது. 2012-இல் வந்த ஓர் ஆய்வின்படி, 1997-க்கும் 2010-க்கும் இடையே கலிஃபோர்னியாவில் பரிசோதித்த காண்டார்களில் கிட்டத்தட்டப் பாதிக்கு, ஏதாவது ஒரு கட்டத்தில், சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது.

அத்தனை பிணத்திலுமா ஈயம் இருக்கும்? இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு காண்டார் வருஷத்துக்கு நூறு பிணங்களில் வாய் வைக்கிறது, இருநூறில் ஒன்றில் மட்டுமே ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷத்தில் சராசரி ஐந்து முறை அது விஷத்தைத் தின்றிருக்கும். ஒரு பிணத்தில் பத்துப் பறவைகள் கூடும். ஒரு குண்டு பத்துக்கும் பங்கு போகும். எட்டு வயதில்தான் முதல் முட்டை இடும் பறவைக்கு இது தாங்காது. அதன் நீண்ட ஆயுளே இங்கே அதற்கு எதிரி.

ஆகவே வெளியே பறக்கும் காண்டார் ஒவ்வொன்றும் ஒரு நோயாளி போலவே நடத்தப்படுகிறது. சிறகில் எண், முதுகில் அல்லது சிறகில் டிரான்ஸ்மிட்டர், வம்சப் பதிவேட்டில் தனி வரிசை எண். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பிடித்து ரத்தம் எடுக்கிறார்கள். ஈயம் ஏறியிருந்தால் மிருகக்காட்சிசாலை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், ஈயத்தைப் பற்றி வெளியேற்றும் கால்சியம் இடிடிஏ ஊசி நாள்கணக்கில் போடுகிறார்கள். சரியானதும் திரும்ப விடுகிறார்கள். அது மறுபடி போய் மறுபடி தின்னும்.

இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. செம்புக் குண்டு பயன்படுத்தினால் போதும். கலிஃபோர்னியா 2008-இல் காண்டார் வாழும் பகுதிகளில் ஈயக் குண்டைத் தடைசெய்தது. 2019 ஜூலை முதல் மாநிலம் முழுக்க எல்லா வேட்டைக்கும் தடை. அரிசோனா சட்டத்துக்குப் போகாமல் வேட்டைக்காரர்களோடு பேசியது: 2005 முதல் காண்டார் பகுதியில் வேட்டை உரிமம் பெறுபவர்களுக்கு ஈயமில்லாத குண்டு இலவசம். பத்தில் எட்டு பேருக்கு மேல் ஒத்துழைத்தார்கள். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: மீதி இரண்டு பேரே போதும். அதோடு, காண்டாருக்கு மாநில எல்லை தெரியாது. அரிசோனாவில் விட்ட பறவை மத்தியானத்துக்குள் யூட்டாவில் இரை தேடும். யூரோக் பழங்குடியினர் 2022-இல் வட கலிஃபோர்னியாவின் ரெட்வுட் பகுதியில் நூறு வருஷத்துக்குப் பிறகு காண்டாரை மறுபடி பறக்கவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் முதலில் இறந்த பறவையும் ஈய விஷத்தால்தான் இறந்தது.

இங்கே வேட்டைக்காரர் வில்லன் என்று எழுதிவிடுவது சுலபம். பெரிய விலங்குகளின் பிணங்கள் இயற்கையாகக் கிடைப்பது குறைந்துபோன நிலத்தில், வேட்டைக்காரர் விட்டுப்போகும் குடல் குவியல் காண்டாருக்குக் கிடைக்கும் நல்ல சாப்பாடுகளில் ஒன்று. குண்டின் உலோகம் மாறினால் அதே ஆள் பறவைக்கு அன்னதாதா.

தெள்ளு

ஃபெரட்டின் எதிரியிடம் இப்படிப் பேசி முடிக்க வழியில்லை.

பிளேக் 1900 வாக்கில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கு வந்தது. கப்பல் எலிகளிடமிருந்து உள்ளூர் கொறிவிலங்குகளுக்குத் தாவி, தெள்ளுப்பூச்சி மூலமாகக் கிழக்கே நகர்ந்தது. அந்த மண்ணுக்குப் புதிய நோய் என்பதால் பிரெய்ரி நாய்களுக்கு எதிர்ப்புச் சக்தியே கிடையாது. ஒரு குடியிருப்பில் புகுந்தால் சில வாரங்களில் ஏறக்குறைய எல்லாம் காலி. ஃபெரட்டும் நேரடியாக நோய்பட்டுச் சாகும்.

ஏற்கெனவே பிரெய்ரி நாய் மாட்டுப் பண்ணையாளர்களின் ஜென்ம விரோதி. மாட்டுக்கான புல்லைத் தின்கிறது என்று குற்றச்சாட்டு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அரசே விஷம் வைத்துக் கொன்றது. புல்வெளிகள் உழுநிலமாயின. ஒரு காலத்தில் கனடா முதல் மெக்சிகோ வரை பரந்திருந்த குடியிருப்புகளில் 95 சதவீதத்துக்கு மேல் போய்விட்டன. மிச்சம் இருப்பவை தீவு தீவாகச் சிதறிக் கிடக்கின்றன. காண்டாருக்கு ஒரு பள்ளத்தாக்கில் இரை இல்லை என்றால் அடுத்த பள்ளத்தாக்குக்குப் பறக்கும். ஒரு கிலோ எடையுள்ள ஃபெரட் எங்கே போகும்?

தெற்கு டகோட்டாவின் கொனாடா பேசின் இதற்கு நல்ல உதாரணம். பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய புல்வெளி. 1990-களின் நடுவில் தொடங்கி விட்ட ஃபெரட்கள் அங்கே நன்றாகப் பிடித்துக்கொண்டன. உலகத்திலேயே பெரிய ஃபெரட் கூட்டம் அதுதான், முந்நூறை ஒட்டி இருந்தது. அங்கே பிறந்த குட்டிகளைப் பிடித்து மற்ற இடங்களில் விடும் அளவுக்கு நிலைமை நன்றாக இருந்தது. 2008-இல் பிளேக் வந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் பிரெய்ரி நாய்கள் அழிந்தன, ஃபெரட் எண்ணிக்கையும் அதோடு சரிந்தது. மிச்சத்தைக் காப்பாற்றியது ஒரு வெள்ளைப் பொடி.

டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை வளைவாயில் அடித்தால் தெள்ளு சாகும். வேலை என்னவோ எளிதுதான்: வண்டியில் பொடித் தொட்டியைக் கட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போ, ஒரு வளை, குழாயை வை, அடி, அடுத்த வளை. ஒரு ஏக்கரில் பல பத்து வளைகள், பல ஆயிரம் ஏக்கர்கள், ஒவ்வொரு கோடையும். போதாததற்குத் தெள்ளுகளுக்கு மருந்து பழகி எதிர்ப்பும் வளர ஆரம்பித்திருக்கிறது.

ஃபெரட்டுக்குத் தடுப்பூசி உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டு முறை போட வேண்டும். அதற்காக இலையுதிர்காலத்தில் இரவெல்லாம் வண்டியில் விளக்கை வீசிக்கொண்டு புல்வெளியைச் சுற்றுகிறார்கள். வெளிச்சத்தில் மரகதப் பச்சையாக இரண்டு கண் மின்னினால் அது ஃபெரட். ஓடிப்போய் வளைவாயில் பொறி வைத்து, சிப் இருக்கிறதா என்று பார்த்து, ஊசி போட்டு, விடியும் முன் அதே வளையில் விட வேண்டும். சரி, ஃபெரட்டுக்கு ஊசி போட்டாயிற்று. அதன் சாப்பாட்டுக்கு யார் ஊசி போடுவது?

அதையும் முயன்றார்கள். வேர்க்கடலை வெண்ணெய் வாசனையுள்ள தீனிக்குள் தடுப்பு மருந்தை வைத்துப் புல்வெளியில் இறைத்தார்கள். தின்ற பிரெய்ரி நாயின் மீசை மயிரில் நிறம் ஏறும்படி ஒரு சாயத்தையும் கலந்தார்கள், எத்தனை தின்றன என்று பிற்பாடு பிடித்துப் பார்க்கலாம் அல்லவா! 2013 முதல் 2015 வரை பல மாநிலங்களில் நடந்த பெரிய களச் சோதனையில் அது ஓரளவு காப்பாற்றியது, ஆனால் பொடியின் இடத்தைப் பிடிக்கும் அளவுக்கு இல்லை. ஒரே பருவத்தில் பிறந்து பெருகும் கொறிவிலங்குக்கு வருஷா வருஷம் திரும்பப் போட வேண்டும் என்பது தனிப் பாடு.

எது கடினம்?

காண்டார் திட்டம்தான் மிகக் கடினம் என்பது பொதுவான எண்ணம். பறவை பெரிது, பெருக்கம் மெது, செலவு அதிகம். என் கணிப்பு வேறு. காண்டாரின் முக்கிய எதிரி ஒரு பழக்கம். பழக்கத்தை மாற்றலாம் என்பதற்கு அரிசோனாவே சாட்சி. ஃபெரட்டின் எதிரி மண்ணில் வேரூன்றிவிட்ட ஒரு பாக்டீரியா. அதை ஒழிக்கும் சட்டம் எதுவும் இல்லை. பொடியும் ஊசியும் தொடரும்வரை மட்டுமே தள்ளிப்போடலாம்.

இதற்கு எதிராக ஒன்று சொல்ல வேண்டும். 2023 வசந்தத்தில் அரிசோனா–யூட்டா கூட்டத்தில் பறவைக் காய்ச்சல் புகுந்து 21 காண்டார்களைக் கொன்றது, அந்தக் கூட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அவசர அனுமதி வாங்கித் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஆகவே காண்டாருக்கு ஈயம் மட்டும்தான் என்று சுருக்கிவிடவும் முடியாது. கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் கடற்சிங்கப் பிணங்களைத் தின்னும் காண்டார்களின் முட்டை ஓடு டிடிடி பூச்சிக்கொல்லியின் எச்சத்தால் மெலிந்துபோனதும் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் காய்ச்சல் ஒரு தடவை வந்து அடித்தது. ஈயம் ஒவ்வொரு வேட்டைப் பருவமும் வருகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

மீட்பு இலக்குகளை வைத்துப் பார்த்தாலும் இது தெரியும். ஃபெரட்டைப் பட்டியலிலிருந்து நீக்க வெளியே 3,000 வளர்ந்த ஃபெரட்கள் வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுத் திட்டம். இருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. காண்டாரின் அழிநிலையை ஒரு படி தளர்த்த 1996 திட்டம் கேட்டது, தனித்தனியாக இரண்டு கூட்டங்கள், கூட்டத்துக்கு 150 பறவைகள், 15 இனப்பெருக்க ஜோடிகள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் காண்டார் அந்த வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அதன் நிலையைத் தளர்த்தச் சொல்லி நெருக்கிக் கேட்பவர் யாரும் இல்லை. மருத்துவமனையை மூடினால் அந்த எண் நிற்காது என்று திட்டத்தில் இருப்பவர்களுக்கே தெரியும்.

நில உடைமை விஷயத்தில் ஃபெரட் இன்னும் சிக்கலானது. காண்டார் தலைக்கு மேலே பறந்து போகிறது. பண்ணையாளர் எதையும் இழப்பதில்லை. ஃபெரட்டுக்கு இடம் கொடுக்கிறவர் பிரெய்ரி நாய்க்கும் இடம் கொடுத்தாக வேண்டும், அதாவது தன் மாட்டின் புல்லில் பங்கு தர வேண்டும். அழிநிலை விலங்கு தன் நிலத்தில் வந்துவிட்டால் சட்டம் கையைக் கட்டிவிடுமோ என்ற பயம் வேறு. 2013-இல் அரசு கொண்டுவந்த பாதுகாப்பு ஒப்பந்தம் அந்தப் பயத்தைக் கொஞ்சம் தணித்தது: மனமுவந்து சேரும் பண்ணையாளருக்குப் பின்னாளில் புதுக் கட்டுப்பாடு வராது. ஃபெரட்டுக்குச் செய்ததிலேயே உருப்படியான காரியங்களில் இதுவும் ஒன்று என்பேன். குளோனிங்குக்குக் கிடைத்த பத்திரிகைத் தலைப்புகளில் பத்தில் ஒன்றுகூட இதற்குக் கிடைக்கவில்லை.

ஒரு கற்பனை. நாளைக்கு இரண்டு திட்டங்களுக்கும் பணம் நின்று ஐந்து வருஷம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். காண்டார்கள் ஈயத்தால் கொத்தாகச் சாகும், எண்ணிக்கை இறங்கும். ஆனால் இன்றைக்கு இருக்கும் பெரிய பறவைகளில் ஒரு பங்கு அப்போதும் இருக்கும். கூண்டில் இருப்பவை முட்டையிடும் வயதிலேயே இருக்கும். தாமதமாகப் புத்தி வந்தாலும் பிடித்துத் தொடங்க ஏதாவது மிஞ்சும். ஃபெரட்டுக்கு ஐந்து வருஷம் என்பது ஒரு முழு ஆயுள். இன்று காப்பகத்தில் துள்ளும் குட்டிகள் அதற்குள் செத்திருக்கும், அல்லது ஈனும் வயதைத் தாண்டியிருக்கும். வெளியே பொடி அடிக்காத வளைகளுக்குப் பிளேக் வந்து போயிருக்கும். அப்போது நம்பிப் போகக்கூடியவை சான் டியகோ உறைகலன்களில் உள்ள செல்கள் மட்டுமே. அவற்றைச் சுமந்து குட்டியாக ஈன்று தர ஒரு வீட்டு ஃபெரட்டையும், விடுவதற்குப் பிரெய்ரி நாய் உள்ள ஒரு நிலத்தையும் முதலில் தேட வேண்டியிருக்கும். இரண்டில் வீட்டு ஃபெரட் சுலபமாகக் கிடைக்கும்.